பாலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றம்: பிரிட்டன் குடியமர்த்தியதா, தடுத்ததா?

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பாலஸ்தீனத்துக்கு யூதர்கள் வந்ததைப் பற்றி ஒரு கட்டுரை "பிரிட்டன்தான் அவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியது" என்றும், இன்னொரு கட்டுரை "அகதிக் கப்பல்களை விரட்டியடித்தது பிரிட்டன்தான்" என்றும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எதை நம்புவது, 1939-ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை (அரசு தன் கொள்கையை அறிவிக்கும் ஆவணம்) எதற்காக வந்தது, அது இல்லாதிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கட்டுரைகளும் சொல்பவை நடந்தவைதாம். ஒன்றை ஏற்க மற்றதைத் தள்ளவேண்டியதில்லை. ஆகவே, ஒரே அரசு ஒரே இடத்தில் முப்பது ஆண்டுகளுக்குள் எதிரெதிரான இரண்டு காரியங்களைச் செய்தது எதனால் என்பதே உங்கள் கேள்வியின் உட்கிடை என்று எடுத்துக்கொள்கிறேன். மேற்காசியாவின் நவீன வரலாற்றைக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தவன் நான். பிரிட்டிஷ் அரசின் ஆவணங்களையும் விசாரணைக் குழு அறிக்கைகளையும் மூலத்திலேயே படித்திருக்கிறேன். ஹீப்ரு, அரபு மூலங்களை மொழிபெயர்ப்பு வழியாகவே அறிவேன். அதனால் அரசு என்ன செய்தது என்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். அதை அந்த மக்கள் எப்படி அனுபவித்தார்கள் என்பதில் என் வார்த்தையைச் சற்று நிதானத்துடன் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலஸ்தீனம் இறுதியில் யாருடைய நாடாக இருக்கப்போகிறது என்ற கேள்விக்கு லண்டன் நெடுங்காலம் விடை சொல்லாமலே ஆட்சி நடத்தியது. விடை சொல்லவேண்டிய இடத்தில், ஆண்டுக்கு எத்தனை யூதர்கள் வரலாம் என்ற எண்ணிக்கையை வைத்துக் காலம் தள்ளியது. 1937 வரை அந்த எண்ணிக்கை பொருளாதாரக் கணக்காகச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு வெளிப்படையான அரசியல் கணக்காயிற்று. குடியமர்த்தியது, தடுத்தது என்று நீங்கள் படித்த இரண்டும் இந்த ஒரே வழிமுறையின் இரண்டு கட்டங்கள்.

தொடக்கத்திலேயே முடிச்சு விழுந்துவிட்டது. 1917 நவம்பர் 2-ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பிரிட்டிஷ் யூதர்களின் தலைவர்களில் ஒருவரான ராத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு எழுதிய சிறு கடிதம், பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை அரசு ஆதரிக்கும் என்றது. அங்கே ஏற்கெனவே வாழும் யூதரல்லாத சமூகங்களின் குடிமை, சமய உரிமைகளுக்குப் பாதகம் நேரக்கூடாது என்றும் அதே மூச்சில் சேர்த்துக்கொண்டது. அந்தச் சமூகங்களின் அரசியல் உரிமையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தால் நமக்குத் தெரிந்த எட்வின் மாண்டேகு அப்போது இந்தியாவுக்கான அமைச்சர்; அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே யூதரான அவர் இந்த அறிவிப்பைக் கடுமையாக எதிர்த்தார் என்பதைப் பலர் அறிவதில்லை. பிறகு 1922-இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் பாலஸ்தீனத்தை ஆணையாட்சிப் பகுதியாக, அதாவது சங்கத்தின் ஆணையின்படி ஆளவேண்டிய பகுதியாக, பிரிட்டனிடம் ஒப்படைத்தபோது, ஆணையின் 6-ஆம் பிரிவு இந்த முடிச்சைச் சட்டமாக்கியது: மற்ற மக்களின் உரிமைக்கும் நிலைக்கும் பாதகம் வராமல் பார்த்துக்கொண்டு, தகுந்த நிபந்தனைகளின்கீழ் யூதக் குடியேற்றத்துக்கு வசதி செய்துதர வேண்டும். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் ஏறத்தாழ 7,57,000 பேர் இருந்தார்கள். அவர்களில் யூதர்கள் சுமார் 84,000 பேர், அதாவது நூற்றுக்குப் பதினொருவர். எஞ்சியவர்களில் மிகப் பெரும்பாலோர் அரபு முஸ்லிம்களும் அரபு கிறித்தவர்களும். இந்தப் பெரும்பான்மையை யாரும் கலந்துகொள்ளவில்லை என்ற உண்மையை விட்டுவிட்டுப் பின்னால் நடந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

1920 ஜூலையில் முதல் ஹை கமிஷனராக, அதாவது பாலஸ்தீனத்தின் பிரிட்டிஷ் ஆட்சித் தலைவராக, பொறுப்பேற்ற ஹெர்பர்ட் சாமுவேல், தாமே யூதர். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தேசிய இல்லம் வேண்டிய சியோனிய இயக்கத்தில் பரிவுள்ளவர். 1921 மே மாதம் யாஃபாவில் கலவரம் வெடித்து இரு தரப்பிலும் பலர் இறந்ததும், குடியேற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தவரும் அவரேதான். அடுத்த ஆண்டு ஜூனில், குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்த சர்ச்சில் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். யூதர்கள் இந்த நாட்டில் இருப்பது உரிமையினால், எவருடைய தயவினாலும் அன்று என்று அது ஒருபுறம் சொன்னது; வருபவர்களின் எண்ணிக்கை, அந்தந்தச் சமயத்தில் நாட்டின் பொருளாதாரம் எத்தனை பேரைத் தாங்குமோ அந்த அளவைத் தாண்டக்கூடாது என்று மறுபுறம் சொன்னது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு இந்தத் தாங்குதிறன்தான் அளவுகோல். இதை வகுத்த அதிகாரிகளுக்கு இது வசதியாக இருந்தது, ஏனென்றால் அரசியல் கேள்வியைத் தொடாமலே தினசரி நிர்வாகத்தை நடத்த முடிந்தது.

அது நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியைப் பொதுவான நூல்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. வருபவர்கள் பிரிவு பிரிவாக வகுக்கப்பட்டார்கள். சொந்த மூலதனம் உள்ளவர்கள் ஒரு பிரிவு. 1930-களில் ஒருவர் 1,000 பவுண்டு வைத்திருப்பதாகக் காட்டினால், எண்ணிக்கை வரம்பு ஏதும் இல்லாமல் நுழைய முடிந்தது. மாணவர்களும் சமயப் பணியாளர்களும் ஆதரவற்ற சிறுவர்களும், அதாவது பராமரிப்புக்கு வேறொருவர் பொறுப்பேற்றவர்கள், இன்னொரு பிரிவு. ஏற்கெனவே குடியேறியவரைச் சார்ந்திருந்த குடும்பத்தினர் வேறொரு பிரிவு. வேலை தேடி வரும் உழைப்பாளிகள்தான் எப்போதும் தகராறுக்குரிய பிரிவு. இவர்களுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பட்டியல் தயாராகும். ஆரஞ்சுத் தோட்டத்தில் இத்தனை பேர், கட்டட வேலையில் இத்தனை பேர், ஆலைகளில் இத்தனை பேர் தேவை என்று சியோனிய அமைப்பும், 1929-க்குப் பின் யூதர்களின் சார்பில் அரசோடு பேசிய யூத ஏஜென்சியும் கணக்குக் கொடுத்துச் சான்றிதழ்கள் கேட்கும். அரசு தன் கணக்கைப் போட்டுப் பெரும்பாலும் கேட்டதைவிடக் குறைத்தே தரும். கிடைத்த சான்றிதழ்களை ஏஜென்சி, வார்சா, பெர்லின் போன்ற நகரங்களில் இருந்த தன் அலுவலகங்களின் வழியாகப் பகிர்ந்தளிக்கும். நாட்டுக்குள் எத்தனை பேர் என்பது பிரிட்டிஷ் அதிகாரியின் முடிவு, அவர்கள் யார் யார் என்பது பெரும்பாலும் ஒரு யூத அமைப்பின் முடிவு என்று பொறுப்பு இரண்டாகப் பிரிந்துகிடந்தது. ஒரு சான்றிதழில் குடும்பத் தலைவரோடு மனைவியும் சிறு பிள்ளைகளும் வரலாம் என்பதால், சான்றிதழ் கிடைத்த மணமாகாத இளைஞர்கள், முன்பின் தெரியாத பெண்ணைச் சட்டப்படி மணந்து, ஹைஃபாவில் இறங்கியபின் மணவிலக்குச் செய்துகொள்வது அந்த ஆண்டுகளில் சாதாரணமாக நடந்தது. ஒரு தாளில் இரண்டு உயிர் கரையேற முடியுமென்றால் மனிதர்கள் அதைச் செய்யாமல் இருக்கமாட்டார்கள். இதை மோசடி என்று மட்டும் எழுதிவைத்த அதிகாரிகளின் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சியிருக்கிறது.

1920-களில் இந்த அளவுகோல் சரியாக வேலை செய்வதுபோலத் தோன்றியது. 1924-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை இறுக்கியதும், போலந்தில் யூதச் சிறு வணிகர்கள் நசிந்ததும் சேர்ந்து, 1925-இல் சுமார் 34,000 பேர் வந்தார்கள். அடுத்து பொருளாதார மந்தம் வந்தது. 1927-இல் வந்தவர்களைவிட வெளியேறியவர்கள் அதிகம். 1929 ஆகஸ்டில் ஜெருசலேமின் மேற்குச் சுவர் தொடர்பாக எழுந்த பூசல், ஹெப்ரோன் உள்ளிட்ட ஊர்களில் படுகொலையாக முடிந்தபிறகுதான் லண்டன் மீண்டும் யோசித்தது. இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜான் ஹோப் சிம்ப்சன் நிலநிலைமையை ஆராய அனுப்பப்பட்டார். சாகுபடிக்கு ஏற்ற நிலம் போதாது, நிலம் கைமாறுவதால் அரபுக் குத்தகை விவசாயிகள் வெளியேற்றப்படுகிறார்கள் என்று அவர் எழுதினார். 1930 அக்டோபரில் வெளிவந்த பாஸ்ஃபீல்டு வெள்ளை அறிக்கை, அரபுகளிடையே உள்ள வேலையின்மையையும் கணக்கில் எடுத்துக்கொண்டே யூதத் தொழிலாளர்களை அனுமதிக்கவேண்டும் என்றது. சியோனியத் தலைவர்களும் பிரிட்டனின் எதிர்க்கட்சியினரும் கொதித்தெழவே, 1931 பிப்ரவரியில் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு, சியோனியத் தலைவர் வைஸ்மனுக்கு எழுதிய கடிதத்தில் அந்த அறிக்கையை ஏறக்குறையத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அரபுகள் அதற்குக் கறுப்புக் கடிதம் என்று பெயர் வைத்தார்கள். லண்டன் எழுதித் தருவதை லண்டனில் இருப்பவர்களின் நெருக்குதலால் மாற்றிவிட முடியும், அங்கே தமக்கு அப்படிப்பட்ட செல்வாக்கு இல்லை என்ற பாடத்தை அவர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். அதன் விளைவு ஐந்து ஆண்டுகளில் தெருவுக்கு வந்தது.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அந்த அளவுகோலின் குறை முழுவதும் வெளிப்பட்டது. ஜெர்மனியில் யூதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். போலந்தில் வாழ்க்கை நெருக்கப்பட்டது. அமெரிக்காவின் வாயில் குறுகியிருந்தது. அதே 1933 ஆகஸ்டில் ஜெர்மன் அரசுக்கும் சியோனிய அமைப்புகளுக்கும் இடையே ஏற்பட்ட ஹாவாரா உடன்படிக்கையின்படி, வெளியேறும் யூதர் தன் பணத்தை ஜெர்மனியிலேயே செலுத்திவிடுவார். அந்தப் பணத்துக்கு ஜெர்மன் சரக்கு பாலஸ்தீனத்துக்கு ஏற்றுமதியாகும். அங்கே சரக்கு விற்ற தொகையில் ஒரு பகுதி அவருக்குப் பவுண்டாகக் கிடைக்கும். இப்படி 1,000 பவுண்டுப் பிரிவில் பல்லாயிரம் பேர் வந்தார்கள். மூலதனம் வந்ததால் கட்டடங்கள் எழுந்தன, கட்டடங்கள் எழுந்ததால் வேலை கூடியது, வேலை கூடியதால் உழைப்பாளர் சான்றிதழ்களும் கூடின. 1933-இல் சுமார் 30,000 பேர், 1934-இல் 42,000 பேர், 1935-இல் ஏறத்தாழ 62,000 பேர் என்று வருகை ஏறிக்கொண்டே போனது. பொருளாதார அளவுகோலின்படி இதில் எந்தத் தவறும் இல்லை, பொருளாதாரம் தாங்கியது. அரபுகள் எழுப்பிய கேள்வியோ வேறு. இதே வேகத்தில் போனால் இன்னும் சில ஆண்டுகளில் நாங்கள் எங்கள் ஊரிலேயே சிறுபான்மையாகிவிடமாட்டோமா என்று அவர்கள் கேட்டார்கள். கட்டட வேலையின் கணக்கைக் காட்டி அதற்கு விடை சொல்ல முடியாது. தப்பி வந்தவர்களின் அவசரமும் உண்மை, இருந்தவர்களின் அச்சமும் உண்மை. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் பொறுப்பு ஆட்சியாளருக்குத்தான் இருந்தது. சட்டமன்றம் ஒன்றை அமைக்கலாம் என்று அப்போதைய ஹை கமிஷனர் வாக்கோப் கொண்டுவந்த யோசனையும் 1936 தொடக்கத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்துக் கைவிடப்பட்டது. அந்த ஏப்ரலில் அரபுகளின் பொது வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு மாதம் நீடித்தது. குடியேற்றத்தை நிறுத்து, நில விற்பனையைத் தடைசெய், பிரதிநிதித்துவ ஆட்சி கொடு என்பவையே அதன் மூன்று கோரிக்கைகள்.

திருப்பம் 1939-இல் வந்ததாகப் பொதுவாக எழுதுகிறார்கள். 1937-தான் உண்மையான திருப்பம் என்பது என் கருத்து. இந்தக் கொந்தளிப்பை ஆராய லண்டன் அனுப்பிய பீல் ஆணையம் அந்த ஜூலையில் நாட்டைப் பிரிக்கப் பரிந்துரைத்தது பலருக்கும் தெரியும். பிரிவினை நடக்காவிட்டால் ஐந்தாண்டுக் காலத்துக்கு ஆண்டுக்கு 12,000 பேர் என்ற அரசியல் உச்சவரம்பை வைக்கவேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. அரசு காத்திராமல் அதே விகிதத்தில், அந்த ஆகஸ்டிலிருந்து எட்டு மாதத்துக்கு 8,000 பேர் என்று வரம்பு வைத்தது. சர்ச்சில் வகுத்த அளவுகோல் அன்றே கைவிடப்பட்டது. 1939 வெள்ளை அறிக்கை செய்தது இந்த அரசியல் வரம்பை நிரந்தரமாக்கியதுதான்.

1939 மே 17-ஆம் தேதி குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் மால்கம் மெக்டொனால்டு வெளியிட்ட அந்த அறிக்கை, அடுத்த ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்கள் வரலாம் என்றது: ஆண்டுக்கு 10,000 வீதம் 50,000 பேர், அதற்கு மேல் அகதிகள் 25,000 பேர். அதன்பின் அரபுகள் இசைந்தாலன்றி ஒருவரும் வர முடியாது. அனுமதியின்றி நுழைபவர்கள் இந்த எண்ணிக்கையிலிருந்தே கழிக்கப்படுவார்கள். நில விற்பனை கட்டுப்படுத்தப்படும். பத்தாண்டுகளுக்குள் ஒரே சுதந்திர நாடு அமையும். யூதர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதபடி இந்தக் கணக்குப் போடப்பட்டது. காரணத்தை ஆவணங்கள் மறைக்கவில்லை. ஜெர்மனியோடு போர் நெருங்கிக்கொண்டிருந்தது. சூயஸ் கால்வாயும், ஈராக்கிலிருந்து ஹைஃபாவரை வந்த எண்ணெய்க் குழாயும் அரபு நாடுகளின் மனநிலையைப் பொறுத்திருந்தன. இந்திய முஸ்லிம்களின் அதிருப்தியைப் பற்றி இந்திய அலுவலகம் எச்சரித்துக்கொண்டே இருந்தது. ஒரு தரப்பைப் பகைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் அரபுகளைவிட யூதர்களைப் பகைப்பதே மேல் என்று பிரதமர் சேம்பர்லின் அந்த ஏப்ரலில் அமைச்சரவைக் குழுவில் சொன்னது பதிவாகியிருக்கிறது. யூதர்கள் எப்படியும் ஹிட்லரின் பக்கம் போகமாட்டார்கள் என்பது அதன் உட்கணக்கு. நாடாளுமன்றத்தில் 268-க்கு 179 என்ற வாக்கில் அறிக்கை நிறைவேறியது. சர்ச்சில் எதிர்த்துப் பேசினார். பன்னாட்டுச் சங்கத்தின் ஆணையாட்சிக் குழுவில் எழுவரில் நால்வர் இது ஆணைக்கு ஒவ்வாது என்றார்கள். சங்கத்தின் கவுன்சில் அதை விவாதிப்பதற்குள் போர் மூண்டது. பாலஸ்தீன அரபுகளின் தலைமை அமைப்பான அரபு உயர் குழுவும், சுதந்திரத்துக்கு உறுதியில்லை என்று சொல்லி இதை நிராகரித்தது. பெரும்பான்மையின் சம்மதம் வேண்டும் என்ற கொள்கை நியாயமானதே. இருபது ஆண்டுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாத அரசு, ஓடிவருவதற்கு வேறு இடமே இல்லாமல் போன ஆண்டைத் தேர்ந்து அதை நினைவுகூர்ந்ததுதான் கொடுமை. முந்தைய ஆண்டு பிரான்சின் எவியானில் கூடிய அகதிகள் மாநாட்டில் பாலஸ்தீனம் பேசப்படாதபடி பார்த்துக்கொண்டதும் இதே பிரிட்டன்தான். அந்த ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் யூதர்கள்மீது நடந்த வன்முறைக்குப் பின் ஏறத்தாழ 10,000 சிறுவர்களைத் தன் மண்ணில் ஏற்றுக்கொண்டதும் அதே பிரிட்டன்தான் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

நீங்கள் படித்த கப்பல் கதைகள் இதற்குப் பிந்தியவை. 1940 நவம்பரில், ஹைஃபா துறைமுகத்தில் பிடிபட்ட அகதிகளை மொரீசியஸுக்கு நாடுகடத்த பாட்ரியா என்ற கப்பலில் ஏற்றினார்கள். அதைப் புறப்படவிடாமல் முடக்க, யூதர்களின் ரகசிய ஆயுத அமைப்பான ஹகானா வைத்த குண்டு கப்பலையே மூழ்கடித்தது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பிழைத்தவர்கள் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். அட்லாண்டிக் என்ற இன்னொரு கப்பலில் வந்தவர்களில் சுமார் 1,580 பேர் அடுத்த மாதமே மொரீசியஸுக்கு அனுப்பப்பட்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன் கொண்டுசெல்லப்பட்ட அதே தீவில், போ பாஸன் சிறையில் ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் 1945 ஆகஸ்டுவரை வைத்திருந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். ருமேனியாவிலிருந்து ஏறத்தாழ 780 பேரோடு 1941 டிசம்பரில் புறப்பட்ட ஸ்ட்ரூமா, இயந்திரம் பழுதாகி இஸ்தான்புல்லில் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றது. பிரிட்டன் சான்றிதழ் தர மறுத்தது. துருக்கி தரையிறங்க விடவில்லை. 11 முதல் 16 வயதுவரையிலான சிறுவர்களை மட்டும் விடலாம் என்று பிரிட்டன் இறங்கிவந்தும், அவர்களை எந்த வழியாகக் கொண்டுபோவது என்ற இழுபறி தீரவில்லை. 1942 பிப்ரவரி 23-ஆம் தேதி துருக்கி அதிகாரிகள் கப்பலைக் கருங்கடலுக்கு இழுத்துச்சென்று விட்டார்கள். மறுநாள் ஒரு சோவியத் நீர்மூழ்கி அதைத் தகர்த்தது. பிழைத்தவர் ஒருவர்.

போருக்குப் பிந்தியதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாதத்துக்கு 1,500 பேர் என்ற வரம்பு தொடர்ந்தது. ஐரோப்பிய அகதி முகாம்களில் தவித்தவர்களில் 1,00,000 பேரை அனுமதிக்கும்படி அமெரிக்க அதிபர் ட்ரூமன் கேட்டார், 1946-இல் ஆங்கிலோ–அமெரிக்கக் குழுவும் அதையே பரிந்துரைத்தது. பிரதமர் அட்லீயும் வெளியுறவு அமைச்சர் பெவினும் இசையவில்லை. வந்த கப்பல்களைப் பிடித்து, 50,000-க்கும் மேற்பட்டோரைச் சைப்ரஸ் முகாம்களில் அடைத்தார்கள். 1947 ஜூலையில் எக்ஸோடஸ் கப்பலில் வந்த சுமார் 4,500 பேரை, அவர்களில் பலர் சாவிலிருந்து தப்பிய அதே ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குமுன், அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பிரச்சினையை ஐ.நா.விடம் ஒப்படைத்துவிடுவதாக அறிவித்திருந்தார்கள்.

இனி, எவை உறுதி, எவை விவாதத்துக்குரியவை என்று பிரித்துவிடுகிறேன். மேலே சொன்ன ஆண்டுகளும் வரம்புகளும் அரசு வெளியிட்ட ஆவணங்களில் உள்ளவை, அவற்றில் ஐயமில்லை. 1920 முதல் 1945 வரை பதிவான யூதக் குடியேற்றம் சுமார் 3,67,000. யூதரல்லாதவர் சுமார் 33,000. பதிவாகாமல் வந்த அரபுகளின் எண்ணிக்கையில் கடும் சர்ச்சை உண்டு. அரபு மக்கள்தொகையின் வளர்ச்சி பெரும்பாலும் பிறப்பு மிகுதியாலும் இறப்பு குறைந்ததாலும் வந்தது என்பதே மக்கள்தொகை ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து, எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நிலமிழந்த அரபுக் குடும்பங்களைப் பற்றி ஹோப் சிம்ப்சன் தந்த கணக்கு அக்காலத்திலேயே மறுக்கப்பட்டது; குத்தகைதாரர் வெளியேற்றப்பட்டார்கள் என்பது உறுதி, எத்தனை பேர் என்பது உறுதியில்லை. வெள்ளை அறிக்கை இல்லாதிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற உங்கள் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. 1941-இன் பிற்பகுதியில் ஜெர்மனி யூதர்கள் வெளியேறுவதையே தடைசெய்துவிட்டது. அதன்பின் சான்றிதழ் கையில் இருந்தாலும் பெரும்பாலோரால் எல்லையைக் கடந்திருக்க முடியாது. ஆனால் 1939 மே மாதத்துக்கும் அந்தத் தடைக்கும் இடையிலான ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. போர் தொடங்கியபின், எதிரி நாடுகளிலிருந்து வருபவர்களில் உளவாளிகள் இருக்கலாம் என்று சொல்லிச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட 75,000-இல் சுமார் 31,000 இடங்கள் 1943 நவம்பரிலும் நிரம்பாமலே கிடந்தன. அதனால்தான் 1944 மார்ச் என்ற கெடுவை அரசு தானே நீட்டிக்கவேண்டியதாயிற்று. அந்த இடங்களில் எத்தனை, ஐரோப்பாவிலிருந்து வெளியேற வழி இருந்த காலத்தில் மறுக்கப்பட்டவை என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான விடையைத் துறைமுகம் துறைமுகமாக, கப்பல் கப்பலாகத்தான் தேடவேண்டும்.